பழைய லொறியும் புதிய பெட்டியும்

சுமையோடு மலைப்பாதையில் ஏற முடியாமல் திணறும் பழைய லொறிக்காரருக்கு ஆலோசனை சொல்ல எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். கராஜில் வேலை செய்யும் பாஸ், "பம்பில் ஒரு திருகாணி இருக்கு, கால் சுற்றுத் திருப்பினா இழுவை கூடும்" என்பார். நகரத்துக் கடைக்காரரோ, "அதெல்லாம் பழைய காலத்து வேலை. புது மாடல் லொறிக்கு மாறுங்க, இந்தச் சின்னப் பெட்டியைச் செருகினாப் போதும்" என்பார். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு உண்மை, அதற்கு நாம் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதை இருவருமே முழுமையாகச் சொல்வதில்லை. அதை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லொறியும் ஒரு காணிதான்

இரத்தினபுரியிலிருந்து நிவித்திகல வழியாகக் கலவானைப் பக்கம் செல்லும் பாதையில், பழைய டீசல் வாகனங்கள் பல இன்னும் உழைத்துக் கொண்டிருக்கின்றன. கொழுந்து ஏற்றும் இசுசு, மிட்சுபிஷி கன்டர் லொறிகள், மரமும் கல்லும் ஏற்றும் டாட்டா, லேலண்ட் லொறிகள், ஒடுங்கிய பாதைகளில் ஏறி இறங்கும் 'டிமோ பட்டா', மசி பேர்கசன் உழவு இயந்திரம் என்று பலவகை. இவற்றில் சில, அவற்றை ஓட்டும் இளைஞர்களை விட வயதில் மூத்தவை.

இந்தப் பக்கங்களை வாசிக்கும் பல குடும்பங்களுக்கு இடம்பெயர்வு புதிய அனுபவம் அல்ல. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனவர்கள் உங்களிடையே உண்டு. போரினால் மீண்டும் அங்கிருந்து எழும்பி அலைந்தவர்கள் உண்டு. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் வந்த வெள்ளத்தாலும் மண்சரிவாலும் வீடும் பயிரும் இழந்தவர்கள் உண்டு. அந்த இரண்டு அனர்த்தங்களிலும் தனித்தனியே 200க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இரண்டிலும் இரத்தினபுரி மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

காணியை இழந்த ஒரு குடும்பம் சேமிப்பையும் அடகு வைத்த நகையையும் ஒன்றாக்கி ஒரு பழைய லொறியை வாங்குமானால், அந்த லொறியே அவர்களுடைய காணி ஆகிவிடுகிறது. சில இடங்களில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்குகின்றன. எஞ்சின் உடைந்தால் மூன்று வீட்டு அடுப்பும் ஒரே நாளில் அணைகிறது. லீசிங் தவணை மட்டும் நிற்காது. கொழுந்தும் காத்திருக்காது. பறித்த கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும். பாதையில் நின்றுவிட்ட லொறியில் குவிந்து கிடந்தால் அது சூடேறிச் சிவந்து விலையை இழந்துவிடும்.

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய லொறிகளின் விலை ஏறியது. அந்தக் காலத்திலேயே எரிபொருள் நெருக்கடியும் வந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவாகியது. ஆறே மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு! ஆகவே 'டீசலை மிச்சப்படுத்தித் தருகிறேன், இழுவையைக் கூட்டித் தருகிறேன்' என்று சொல்பவர்களிடம் நமது காது எளிதாகச் சாய்கிறது.

டீசல் எஞ்சின் எப்படி இழுக்கிறது?

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்குகிறது. அமுங்கிய காற்று 500 பாகை செல்சியஸுக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நொசில் வழியாக டீசலைத் தூவினால் அது தானே பற்றிக்கொள்கிறது. ஜேர்மனியரான ருடோல்ஃப் டீசல் 1890களில் கண்ட வழி இதுதான். இன்றைய புத்தம் புதிய லொறியிலும் அடிப்படை இதுவே.

இதிலிருந்து ஒரு முக்கிய உண்மை விளங்கும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவு காற்றைத்தான் எடுக்கிறது. அக்சிலேற்றரை மிதிக்கும்போது நாம் கூட்டுவது டீசலை மட்டுமே. உள்ளே இருக்கும் காற்று எரிக்கக்கூடிய அளவுக்கு டீசல் கொடுத்தால் இழுவை கூடும். அந்த எல்லையைத் தாண்டினால், மிஞ்சிய டீசல் கரும்புகையாகவும் வீண் வெப்பமாகவும் வெளியேறும். அடுப்பில் விறகை அடைத்து வைத்தால் தீ எரியாமல் புகைவதைப் போலத்தான் இதுவும்.

இதனாலேயே நிவித்திகலவில் நன்றாக ஓடும் டர்போ இல்லாத லொறி, மரக்கறி ஏற்ற நுவரெலியாவுக்குப் போனால் புகை கக்குகிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு குறைவு. பம்ப் பழைய அளவிலேயே டீசல் கொடுக்கிறது. எரிக்கக் காற்று போதாது.

பாஸின் கையில் உள்ள திருகாணி

பழைய லொறியின் டீசல் பம்ப் முழுக்க முழுக்க இரும்பு இயந்திரம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி அழுத்துதண்டு கொண்ட நீளமான பம்ப் ஒரு வகை. ஒரே தண்டு சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் சிறிய உருண்டைப் பம்ப் மற்றொரு வகை. இரண்டிலுமே முழு மிதியில் எவ்வளவு டீசல் போக வேண்டும், எஞ்சின் அதிகபட்சம் எவ்வளவு வேகமாகச் சுழலலாம் என்பவற்றைத் தீர்மானிக்கும் திருகாணிகள் உண்டு. தொழிற்சாலையில் சோதனை மேசையில் வைத்து அளந்து, பூட்டி, முத்திரையிட்டு அனுப்புகிறார்கள்.

அந்த முத்திரையை உடைத்துத் திருப்பினால் இழுவை கூடுவது உண்மை. பாஸ் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று விடயங்களை அவர் சொல்லாமல் விடலாம்.

முதலாவது, வெப்பம். அலுமினியம் 660 பாகையில் உருகும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. ஒயிலும் தண்ணீரும் அதைக் குளிர்விப்பதால் மட்டுமே அது தாங்கி நிற்கிறது. மிகுதி டீசலோடு நீண்ட ஏற்றத்தை இழுக்கும்போது சைலன்சர் குழாயில் போகும் வாயுவின் வெப்பம் 700 பாகையையும் தாண்டக்கூடும். சமதரையில் ஒரு நிமிடம் அப்படி ஓடினால் ஒன்றும் ஆகாது. மலையில் அரை மணி நேரம் அப்படியே இழுத்தால் பிஸ்டன் தலை கருகும், ரிங் ஒட்டிக்கொள்ளும், ஹெட் வெடிக்கும்.

இரண்டாவது, வேகம். சுழற்சி வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகாணியில் ஒருபோதும் கை வைக்க விடாதீர்கள். அளவுக்கு மேல் சுழலும் எஞ்சினில் வால்வு பிஸ்டனில் மோதும். கொன்ரொட் உடைந்து புளொக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு அது பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

மூன்றாவது, கிளட்ச், கியர்பெட்டி, பின் அச்சு ஆகியவை பழைய இழுவைக்கு அளந்து செய்யப்பட்டவை. எஞ்சினின் வலுவைக் கூட்டினால் அடுத்து எது பலவீனமோ அது உடையும்.

ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சினின் டர்போவைக் கழற்றிப் பழைய எஞ்சினில் பூட்டும் வேலையும் நடக்கிறது. டர்போ காற்றைக் கூட்டிக் கொடுப்பதால் வெறும் திருகாணி வேலையை விட இது அறிவுக்குப் பொருத்தமானது. ஆனால் டர்போவோடு வரும் எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டனுக்குக் கீழிருந்து ஒயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஏற்பாடு இருக்கும். அமுக்க அளவும் வேறாக இருக்கும். அவை இல்லாத எஞ்சினில் டர்போவை மட்டும் பூட்டுவது, இரண்டு பேருக்குக் கட்டிய லயத்து அறையில் எட்டுப் பேரைக் குடிவைப்பது போன்றது.

இழந்ததை முதலில் மீட்போம்

பழைய லொறி இழுக்காமல் இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தொழிற்சாலை குறைவான வலுவைக் கொடுத்தது அல்ல. கொடுத்த வலுவைக் காலப்போக்கில் அது இழந்துவிட்டதே. ஆகவே திருகாணிக்கும் பெட்டிக்கும் முன்னால் செய்ய வேண்டியது, இழந்ததை மீட்பது. செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

1. காற்று வடிகட்டி. தூசிப் பாதையில் ஓடும் லொறிக்குக் காற்றுத்தான் முதலில் அடைபடும். வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே போகும் தூசி சிலிண்டரை அரத்தால் அராவுவது போலத் தேய்க்கும்.

2. டீசல் வடிகட்டியும் தண்ணீரும். ஈரமான நமது பகுதியில் தாங்கிக்குள் தண்ணீர் சேரும். வடிகட்டியின் அடியில் உள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை ஒழுங்காக விடுங்கள். இரவில் தாங்கியை நிரப்பி வைத்தால் உள்ளே வியர்ப்பது குறையும்.

3. டெப்பட் இடைவெளி. வால்வுகளின் இடைவெளியைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் தகடு வைத்து அளந்து சரிசெய்ய வேண்டும். காதால் கேட்டுச் சரிசெய்வது போதாது.

4. நொசில். தேய்ந்த நொசில் டீசலைப் புகாராகத் தூவாமல் சொட்டாக விடும். சொட்டு முழுதாக எரியாது. டீசல் பம்ப் வேலை செய்யும் இடத்தில் கைப்பம்பில் பூட்டி, எந்த அழுத்தத்தில் திறக்கிறது, எப்படித் தூவுகிறது என்று நீங்கள் பார்க்கும்படி சோதிக்கச் சொல்லுங்கள். அந்தத் தூவலுக்கு நேரே கையை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும்; ஊசி குத்திய அளவு காயம் போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

5. பம்ப் அளவும் நேரமும். நொசில் சரியான பிறகே பம்பைச் சோதனை மேசையில் வைத்து அளக்க வேண்டும். எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு டீசல் போகிறதா, சரியான நேரத்தில் போகிறதா என்பதே கேள்வி.

6. எஞ்சினுக்கு வெளியே. காற்றுக் குறைந்த ரயர், பிடித்துக்கொண்டே சுற்றும் பிரேக், அடைபட்ட ரேடியேற்றர் ஆகிய மூன்றும் இழுவையைத் தின்னும் திருடர்கள்.

இந்த ஆறையும் முடித்த பின்னும் இழுவை போதாவிட்டால், கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: லொறிக்கு வலு குறைவா, அல்லது நாம் ஏற்றும் சுமை கூடுதலா? டிமோ பட்டா என்று நாம் அழைக்கும் டாட்டா ஏஸ் 2005 இல் இந்தியாவில் வெளிவந்தபோது, 702 கன சென்ரிமீற்றர் அளவுள்ள இரண்டு சிலிண்டர் எஞ்சினோடு 16 குதிரைவலு மட்டுமே கொண்டிருந்தது. கன்டர் லொறியின் சுமையை அதில் ஏற்றிவிட்டு இழுக்கவில்லை என்று குறை சொல்வது நியாயம் அல்ல.

புதிய லொறியும் செருகும் பெட்டியும்

இனிக் கடைக்காரரின் பெட்டிக்கு வருவோம். புதிய டீசல் எஞ்சின்களில் 'கொமன் றெயில்' என்ற முறை இருக்கிறது. பம்ப் டீசலை ஒரு பொதுக் குழாயில் மிக உயர்ந்த அழுத்தத்தில் சேமித்து வைக்கும். எப்போது, எவ்வளவு தூவுவது என்பதை ஒரு கணினி தீர்மானித்து, மின்சாரத்தால் நொசில்களைத் திறக்கும். ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1995 இல் ஹினோ லொறியில் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய நொசில்கள் ஏறத்தாழ 120 முதல் 220 பார் அழுத்தத்தில் திறந்தன. கொமன் றெயில் குழாயிலோ 1,600 பார், 2,000 பார் என்று அழுத்தம் இருக்கும். தூவல் மிக நுண்ணியது. ஆகவே புகை குறைவு, சத்தம் குறைவு, டீசலும் மிச்சம். இது உண்மையான முன்னேற்றம். இதை மறுக்க வேண்டியதில்லை.

செருகும் பெட்டி என்ன செய்கிறது? குழாயின் அழுத்தத்தை அளந்து கணினிக்குச் சொல்லும் ஓர் உணரி உண்டு. உணரிக்கும் கணினிக்கும் நடுவில் பெட்டியைச் செருகுகிறார்கள். அழுத்தம் 1,400 இருக்கும்போது 1,200 தான் இருக்கிறது என்று பெட்டி பொய் சொல்கிறது. கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. நொசில் திறந்திருக்கும் அதே நேரத்தில் கூடுதல் டீசல் போகிறது; இழுவை கூடுகிறது.

ஆக, பாஸ் திருகாணியால் செய்ததையே பெட்டி பொய்யால் செய்கிறது. டீசல் கூடுகிறது, வெப்பம் கூடுகிறது. கூடவே பம்பும் நொசிலும் அவற்றுக்கு விதித்த எல்லையைத் தாண்டி உழைக்கின்றன. ஒரு வேறுபாடு உண்டு. பழைய பம்ப் கெட்டால் திருத்தலாம். கொமன் றெயில் பம்ப் தேய்ந்து அதன் இரும்புத் துகள் குழாய்க்குள் போனால் பம்ப், குழாய், நொசில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும்.

எஞ்சினின் கணினியையே திறந்து, அதன் உள்ளே இருக்கும் அளவுகளை மாற்றி எழுதும் வேலையும் இருக்கிறது. தேர்ந்தவர் கையில், அளவுமானிகளோடு செய்தால் அது பெட்டியை விட நேர்மையான வேலை. தேர்ச்சி இல்லாதவர் இணையத்தில் கிடைத்த கோப்பை ஏற்றிவிட்டால், என்ன மாறியது என்று அவருக்கே தெரியாது.

முழுப் பொய்யான பெட்டிகளும் சந்தையில் இருக்கின்றன. காரின் சோதனைத் துளையில் செருகினால் எரிபொருள் மிச்சம் என்று மலிவாக விற்கப்பட்ட ஒரு கருவியைப் பொறியியலாளர்கள் பிரித்துப் பார்த்தபோது, மினுங்கும் விளக்குகளைத் தவிர அது எதையும் செய்யவில்லை. டீசல் குழாயில் கட்டும் காந்தம், தாங்கியில் போடும் குளிசை போன்றவையும் இவ்வாறே. ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட 100க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தது; மிகச் சில மட்டுமே, அதுவும் சிறிதளவே பயன் தந்தன.

ஆனால் சோதனைத் துளையில் செருகும் இன்னொரு கருவி உண்மையில் பயனுள்ளது. அது கணினி எழுதி வைத்திருக்கும் குறைகளை வாசித்துக் காட்டும் ஸ்கேனர். எந்த உணரி கெட்டது, எந்தச் சிலிண்டர் பலவீனம் என்று பார்த்தபின் பணத்தைச் செலவிடலாம். இழுவைப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஸ்கேனரை வாங்கினால் அது புத்தியான செலவு.

புதிய லொறி வைத்திருப்போருக்கு மேலும் மூன்று எச்சரிக்கைகள். பழைய லொறியில் காற்றுப் பிடித்தால் நொசில் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை விடுவோம். கொமன் றெயிலில் எஞ்சின் ஓடும்போது அப்படிச் செய்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, மண்ணெண்ணெய் கலந்த டீசல். மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் பலர் இதைச் செய்தார்கள். இவ்வகைப் பம்புகளுக்கு டீசலே மசகு ஒயில்; மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. மூன்றாவது, புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. இசுசு லொறிகளில் டீ.பீ.டீ. என்று எழுதிய விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக்க அதற்கு நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையே குறுகிய ஓட்டமே ஓடும் லொறியில் அது அடிக்கடி அடைபடும். விளக்கு எரிந்தால் கைநூலில் சொன்னபடி லொறியை நிறுத்தி எரியவிடுங்கள். கந்தகம் குறைந்த சுப்பர் டீசல் அதற்கு உகந்தது.

மலையின் கணக்கை மாற்ற முடியாது

பெட்டியோ திருகாணியோ மாற்ற முடியாத ஒரு கணக்கு இருக்கிறது. லொறியும் சுமையும் சேர்ந்து 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி வேண்டும். டீசலில் உள்ள சக்தியில் ஏறத்தாழ 30 வீதத்தையே எஞ்சின் வேலையாக மாற்றுகிறது என்று கொண்டால், தூக்குவதற்கு மட்டும் அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான டீசல் தேவை. இன்னும் 1,000 கிலோ ஏற்றினால் அதற்கேற்பக் கூடும். பாரம்தான் டீசலைக் குடிக்கிறது.

இதே கணக்கை இறக்கத்துக்கும் போட்டுப் பாருங்கள். ஏறும்போது கொடுத்த சக்தி முழுவதும் இறங்கும்போது வெப்பமாக வெளியேற வேண்டும். அந்த 6,000 கிலோ 100 மீற்றர் இறங்கும்போது பிரேக் மட்டுமே தாங்குவதானால், ஏறக்குறைய 20 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு வெப்பம் பிரேக்கில் சேரும். பிரேக் ஒயில் பழசாகி ஈரம் பிடித்திருந்தால் அது கொதிக்கும். மிதி தரைவரை போகும். நமது வளைவுகளில் அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை.

எனவே எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும். எக்சோஸ்ட் பிரேக் இருந்தால் அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிரேக் ஒயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இழுவையைக் கூட்டக் கையில் பணம் இருந்தால் அதை முதலில் பிரேக்கில் போடுங்கள். இழுக்காத லொறி தாமதமாகப் போய்ச் சேரும். நிற்காத லொறி போய்ச் சேராது. கொழுந்துக்கு மேல் ஆட்களை ஏற்றும் பழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். அந்தச் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருப்பவர்கள் நமது தாய்மாரும் பிள்ளைகளும்தான்.

புகை யாருக்கு?

கரும்புகை வலுவின் அடையாளம் என்று இளைஞர் சிலர் நினைக்கிறார்கள். அது எரியாமல் வீணாகப் போன டீசல். நாம் காசு கொடுத்து வாங்கிய டீசல். 2012 ஜூன் மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. லயத்துக்கு முன்னால் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கும்போது அந்தப் புகை அறைக்குள்தான் போகிறது.

பணக்கார நாடுகளிலும் இந்தத் தவறு நடக்கிறது. அமெரிக்காவில் பத்து ஆண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் வாகனங்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கழற்றப்பட்டன என்று 2020 இல் வெளிவந்த அரச அறிக்கை சொல்கிறது. நமது நாட்டில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பரிசோதனை நாளில் திருகாணியைக் குறைத்து, மறுநாள் கூட்டுவோர் ஏமாற்றுவது தம் பிள்ளைகளின் நெஞ்சையே.

புகையின் நிறத்தை வாசிக்கப் பழகுங்கள். கறுப்பு என்றால் டீசல் கூடுதல் அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. சூடான பின்பும் வெள்ளை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் வருகிறது, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

கையோடு வரும் அறிவு

வடக்கிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரு காலம் நினைவிருக்கும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின், வடக்குக்கு எரிபொருள் தடை வந்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை வந்தது, பிளக் கரிபிடித்தது, மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்தது. அந்த விலையை அறிந்தே, வேறு வழியின்றி அதைச் செய்தார்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து பெருந்தொகையானோர் எழும்பியபோது வீட்டை விட்டார்கள், தளபாடங்களை விட்டார்கள். கைவேலையை யாரும் விட்டுவிட்டு வரவில்லை.

அந்தக் கைவேலைக்கு இன்று ஒரு சான்றிதழும் பெறலாம். பாடசாலைக் கல்வியை இடையில் நிறுத்தி, கராஜில் பல ஆண்டு வேலை பழகிய இளைஞர் நம்மிடையே பலர். அவர்கள் தமது திறமையைச் செய்து காட்டி, என்.வீ.கியூ. எனப்படும் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழைப் பெறும் வழி இருக்கிறது. முன்பு கற்றதை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் அந்த முறை பற்றித் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலோ, நைட்டா எனப்படும் தேசியப் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். பழைய பம்பை அறிந்த கை, ஸ்கேனரையும் பழகிக்கொண்டால் அந்தப் பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும்.

சேர்ந்து வாங்குவோருக்கு

லொறி வாங்கப் போகும் குடும்பங்கள் கீழ்க்காண்பவற்றைக் கவனிக்க வேண்டும்.

- எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள்.

- எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை வேகமாக வீசினால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன.

- பம்பில் உள்ள முத்திரை உடைந்திருக்கிறதா, வயர்களுக்கு நடுவே புதிய பெட்டி ஏதும் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த எஞ்சின் எப்படி உழைத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

- எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு பொருந்த வேண்டும். எஞ்சினை மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும்.

- ஒரு கொப்பி வைத்திருங்கள். டீசல் அடித்த அளவு, ஓடிய தூரம், ஏற்றிய பாரம், ஒயில் மாற்றிய திகதி ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் எழுதுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று போதும். இரண்டு மாதக் கணக்கு கையில் இருந்தால், 'டீசலை மிச்சப்படுத்தித் தருகிறேன்' என்று வருபவரின் வார்த்தையை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

- வருமானத்தில் ஒரு பங்கை நொசில், பிரேக், ரயர் ஆகியவற்றுக்கென்று முதலிலேயே ஒதுக்கி வைத்த பின்பே பங்கு பிரியுங்கள்.

பழைய கைவேலை சிறந்ததா, புதிய கருவி சிறந்ததா என்ற வாதத்தில் நாம் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. இரண்டாலும் உதவி உண்டு. இரண்டாலும் ஏமாற்றப்படவும் முடியும். அளந்து பாராமல் திருகாணியைத் திருப்புவதும், கேட்டுப் பாராமல் பெட்டியைச் செருகுவதும் ஒரே தவறுதான். அடுத்த முறை கராஜுக்குப் போகும்போது, "பாஸ், இழுவையைக் கூட்டுங்க" என்று கேட்காதீர்கள். "பாஸ், எது தேய்ஞ்சிருக்குன்னு அளந்து காட்டுங்க" என்று கேளுங்கள். செலவும் குறையும், லொறியும் நீடித்து உழைக்கும்.